கையில் முதல் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆன்லைன் வியாபார வழிகாட்டி

தொழில் தொடங்க அப்பாவிடம் பணம் கேட்க முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூலி வேலைக்குப் போகும் வீடு, ரேஷன் அரிசி, அடகுக் கடையில் அம்மாவின் கம்மல், கையில் இருப்பது ஒரு செல்போன் மட்டும். இந்த நிலையிலிருந்து ஆன்லைனில் பொருள் விற்று மேலே வர முடியும். ஆனால் அதற்கான வரிசை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் போகும் வரிசையிலிருந்து வேறு.

வசதி உள்ளவர் இரண்டு லட்சம் போட்டு, தோற்று, பாடம் படித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். நம் வீட்டில் பத்தாயிரம் ரூபாய் போனாலே ஒரு தங்கையின் கல்லூரிக் கட்டணம் நின்றுபோகும். அதனால் ஒரே ஒரு விதியைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவை, அதற்கு முந்தின படியில் சம்பாதித்த காசே கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் இந்த விதியை ஒட்டித்தான் வரும்.

நான் பிறந்தது பனங்காட்டு ஊர். அம்மா விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிலில், பதநீர் காய்ச்சியவர். இன்று நான் கருப்பட்டியும் அதைச் சார்ந்த பொருட்களும் ஆன்லைனில் விற்கிறேன். எனவே உதாரணங்கள் கருப்பட்டியைச் சுற்றியே வரும். உங்கள் ஊரில் அது கடலை மிட்டாயாக இருக்கலாம், கோரைப்பாயாக இருக்கலாம், முருங்கைப் பொடியாக இருக்கலாம். கணக்கும் வழியும் ஒன்றுதான்.

எதை விற்பது

ஊரில் ஏற்கெனவே யாரோ நன்றாகச் செய்துகொண்டிருக்கும் பொருளை எடுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க நமக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. தெற்கே இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பத்தமடைப் பாய் எல்லாமே புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊர்ப் பொருளின் பெயரை அரசு பதிந்து காக்கும் அடையாளம், பெற்றவை. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வாங்குகிறவருக்குப் பொருள் தெரியும். ஆனால் கவனம்: புவிசார் குறியீடு பெற்ற பெயரை லேபிளில் போட, பொருள் உண்மையாகவே அந்தப் பகுதியில் செய்ததாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவும் செய்ய வேண்டும். சாயல்குடிப் பக்கம் காய்ச்சியதை உடன்குடி என்று விற்கக் கூடாது. சாயல்குடி என்றே சொல்லி விற்கலாம், நல்ல கருப்பட்டிக்கு அந்த ஊரும் பேர்பெற்றதுதான்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு மாதம் கெடாமல் இருக்குமா? விழுந்தால் உடையுமா? ஒரு கிலோவின் விலை, அதை அனுப்பும் கூலியைப் போல மூன்று நான்கு மடங்காவது இருக்கிறதா? வாங்கியவர் தீர்ந்ததும் திரும்பக் கேட்பாரா? பால்கோவா முதல் கேள்வியில் தடுக்கும், மண்பானை இரண்டாவதில், உப்பு மூன்றாவதில். கருப்பட்டி நான்கிலும் தேறும், மழைக்காலம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடை குறைவான பொருள் என்றால் பார்சல் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். கூரியர்காரர்கள் பெட்டியின் அளவையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 40க்கு 30க்கு 25 என்று ஒரு பெட்டியில் பனை ஓலைக் கூடைகளை வைத்து அனுப்பினால், உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோவாக இருந்தாலும் 6 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். ஓலைப் பொருள் விற்கிறவர்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மாதிரி அளவுகளில் முடையச் சொல்வது இதனால்தான்.

விலை போடும் கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாமல் உட்காருங்கள். நம்மைப் போன்றவர்கள் தோற்பது பெரும்பாலும் விற்பனை வராமல் அல்ல. விற்க விற்க நட்டம் என்பது தெரியாமல் விற்றுத்தான்.

ஒரு நோட்டில் ஒரு கிலோ கருப்பட்டிக்கு எழுதிப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வையுங்கள். விடிலியில் வாங்கும் விலை 320. வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டிச் செலவு 8. உடைசலும் ஈரத்தில் போவதும் 12. அட்டைப் பெட்டி, காகிதம், டேப், லேபிள் 28. பார்சல் கூலி 75. இதோடு 443 ஆகிவிட்டது. பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். பொட்டலம் கட்டுவது உங்கள் அம்மா என்றாலும் கூலி கூலிதான், 20 போடுங்கள். வழியில் சேதமாகி மறுபடி அனுப்ப வேண்டியவற்றுக்காக 14 ஒதுக்குங்கள். மொத்தம் 477. இதை 520-க்கு விற்றால் மிச்சம் 43 ரூபாய்.

அதே கருப்பட்டியை இரண்டு கிலோப் பெட்டியாக அனுப்புங்கள். கொள்முதல் 640, வண்டி 16, உடைசல் 24, பெட்டி 38, பார்சல் 110, கூலி 25, சேதத்துக்கு 25. மொத்தம் 878. ஆயிரத்துக்கு விற்றால் மிச்சம் 122. வாங்குகிறவருக்குக் கிலோ 20 ரூபாய் குறைவு. உங்களுக்கு இரண்டு தனிப் பெட்டியில் கிடைக்கும் 86 ரூபாயைவிட 36 ரூபாய் கூடுதல். குறைந்தது இரண்டு கிலோ என்று ஏன் வைக்கச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும்.

இதில் வரி இன்னும் சேரவில்லை. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய வெல்லம், கருப்பட்டிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி வந்தது. நீங்கள் ஜி.எஸ்.டி பதிவு எடுத்த பிறகு (அது எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்) அந்த 520 ரூபாயில் ஏறக்குறைய 25 ரூபாய் வரியாகப் போகும். மிச்சம் 18. ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் 48 போய் 74 நிற்கும். பெட்டிக்கும் கூரியருக்கும் நீங்கள் கட்டிய வரியில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், விலை போடும்போது அதை நம்பிப் போடாதீர்கள்.

முதல் விற்பனை

இணையதளம் வேண்டாம், லோகோ வேண்டாம், விளம்பரம் வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் கடைப் பெயர், பொருள் படம், எடை, விலை போட்டு ஒரு கேட்டலாக் வைக்கலாம். ஐந்து கிலோ மட்டும் வாங்குங்கள். அந்தக் காசை வியாபாரத்துக்காக நீங்களே கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்தாலும் சரி.

யாரிடம் விற்பது? நம் ஊரை விட்டு வேலைக்குப் போனவர்களிடம். எல்லாக் கிராமத்திலிருந்தும் சென்னைக்கு, திருப்பூருக்கு, கோவைக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர்ப் பொருள் மேல் ஆசை உண்டு, சீனி கலந்த கருப்பட்டி வாங்கி ஏமாந்த வருத்தமும் உண்டு. "அண்ணாச்சி, நம்மூர் விடிலிக் கருப்பட்டி, காய்ச்சும்போது நானே நின்னு வாங்கினது. ரெண்டு கிலோ ஆயிரம் ரூபா, பார்சல் சேர்த்து" என்று ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும்.

இதைப் படிக்கும்போது சுலபமாகத் தெரியும். செய்யும்போது நாக்கு எழாது. ஏழை வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காசு கேட்பது ஒரு கூச்சம். பண்ணையார் வீட்டு வாசலில் கூலிக்குக் காத்து நின்றவர்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். விலையைச் சொல்லிவிட்டு உடனே நாமே "குறைச்சுக்கலாம்" என்று சேர்த்துவிடுவோம். யாராவது அதட்டிக் கேட்டால் இனாமாகவே கொடுத்துவிடுவோம். இந்தக் கூச்சம் திறமைக் குறைவு இல்லை, வளர்ந்த இடம் அப்படி. அதைக் கடக்க எனக்குத் தெரிந்த வழி, மேலே போட்ட கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பதுதான். 878 ரூபாய் செலவு என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு ஆயிரம் என்று சொல்லக் குரல் நடுங்காது. "படிச்ச புள்ள கருப்பட்டி விக்குதா" என்று தெருவில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் வாங்கப் போவதும் இல்லை.

காசு வந்த பிறகே பொருள் கிளம்ப வேண்டும். 2016-இல் யு.பி.ஐ வந்ததும், அதே ஆண்டு இணையக் கட்டணம் சரிந்ததும் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்த கதவு இது. அதற்கு முன் வெளியூரிலிருந்து ஐந்நூறு ரூபாய் வாங்க மணியார்டருக்கோ வங்கி வரிசையிலோ காத்திருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டியதாக யாராவது அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ ரகசிய எண் (PIN) ஒருபோதும் தேவையில்லை, யார் கேட்டாலும் ஏமாற்றுதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

காகித வேலை

விற்பனை தொடர்ந்து வரும் என்று தெரிந்ததுமே இதை முடித்துவிடுங்கள். ஆனால் உணவுப் பொருள் என்றால் முதல் பெட்டிக்கு முன்பே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். சிறிய அளவில் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணமும் சொற்பம். 14 இலக்க எண் ஒன்று வரும், அது லேபிளில் இருக்க வேண்டும்.

அடுத்தது உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு அது. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் போதும், ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. தேடினால் அரசு தளம் போலவே தோற்றமுள்ள தனியார் தளங்கள் முதலில் வந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

லேபிளில் பலர் கோட்டை விடுகிறார்கள். பொருளின் பெயர், பொட்டலமிட்டவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட தேதி, எதுவரை உண்ணலாம், சேர்மானங்கள், தொகுப்பு எண் (பேட்ச் நம்பர்), சைவக் குறி, வாடிக்கையாளர் அழைக்க ஒரு எண் ஆகியவை வேண்டும். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாட்களுக்குள் சட்டமுறை எடையளவுத் துறையிலும் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். தராசுக்கு முத்திரை இருக்க வேண்டும். மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பொட்டலம் கட்டாதீர்கள்.

ஜி.எஸ்.டி பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் பாதித் தகவல்தான் ஆபத்து. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அது மாநிலத்துக்குள் விற்றால்தான். வரியுள்ள பொருளைப் பெங்களூருக்கோ மும்பைக்கோ ஒரே ஒரு பெட்டி விற்றாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். பெரிய ஆன்லைன் சந்தைத் தளங்கள் வழியாக, 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத சிறு விற்பனையாளர்களும் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம், அதற்கு ஜி.எஸ்.டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். இணக்கத் திட்டம் என்ற எளிய முறையில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பதிவு எடுத்துவிட்டால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே என் யோசனை: முதல் ஆறேழு மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுப் பழகுங்கள். வெளிமாநில ஆர்டர்கள் தொடர்ந்து வந்து, ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் கூலியை அந்த லாபமே தாங்கும் என்று தெரிந்த பிறகு பதிவு எடுங்கள்.

பெட்டி

வாங்குகிறவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் வந்து சேரும் பெட்டிதான் நீங்கள்.

கருப்பட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்தால் இரண்டே நாளில் கசிந்து ஒட்டும். நம் பாட்டிமார் அதை அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் ஓலைப் பெட்டியில் வைத்தது அதனால்தான். பார்சலுக்கு இந்த முறையை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: பொட்டலமிடும் முன் நன்றாகக் காய்ந்த அறையில் வைத்திருங்கள், வெயிலில் நேராக வேண்டாம். ஒவ்வொரு வில்லையையும் உணவுக்கு உகந்த காகிதத்தில் சுற்றுங்கள். எல்லாவற்றையும் கனமான உணவுப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, சூட்டில் ஒட்டுங்கள். கையால் அமுக்கும் சீலிங் மெஷின் ஒன்றை, முதலில் விற்கும் பத்துப் பெட்டியின் லாபத்திலேயே வாங்கிவிடலாம். பையை ஐந்தடுக்கு அட்டைப் பெட்டியில் வைத்துக் காலி இடத்தைக் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி இரண்டு முறை போட்டுப் பாருங்கள். வில்லை உடையாவிட்டால் அனுப்பலாம்.

முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் வாங்குகிறவரிடமே எழுதி வாங்குங்கள். கேட்டு எழுதினால் ஓர் இலக்கம் மாறிப் பெட்டி வேறு மாவட்டம் போகும். உள்ளூர்க் கூரியர் கிளை உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அஞ்சல் அலுவலகம் பக்கத்தில் இருக்கும். இந்தியாவில் 1.6 லட்சத்துக்கும் மேல் அஞ்சல் அலுவலகங்கள் உள்ளன, தனியார் கூரியர் போகாத ஊருக்கும் ஸ்பீட் போஸ்ட் போகும். மாதக் கணக்கில் பெட்டிகள் கூடியதும் பல கூரியர்களை ஒரே இடத்தில் ஒப்பிடும் ஷிப்ராக்கெட் போன்ற தளங்களைப் பாருங்கள். அதற்கு முன் தேவையில்லை.

பொருள் தருகிறவர்

பனையேறிகளில் பலர் ஆண்டு முழுவதும் வியாபாரியிடம் முன்பணக் கடனில் இருப்பார்கள். பருவம் வந்ததும் கடனுக்காகக் கருப்பட்டியை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். நீங்கள் அங்கே போய் இன்னொரு வியாபாரியாக நிற்பதாக இருந்தால், இந்தத் தொழிலில் புதிதாக ஒருவர் வந்து என்ன பயன்? கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள். பத்து ரூபாயை நம்மிடம் வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியாகத் தருவார்கள், ஏனென்றால் சீனி கலக்காத பொருள் கிடைக்க வேறு வழி இல்லை. சீனி கலப்பதே, கலக்காமல் காய்ச்சினால் கட்டுப்படியாகாத விலையை வியாபாரிகள் வைப்பதால்தான். நல்ல விலை கொடுப்பது தருமம் என்று நினைக்க வேண்டாம், நம் பொருளின் தரத்துக்கு நாம் கட்டும் செலவு அது.

வாரத்துக்கு ஒரு முறையாவது விடிலிக்குப் போய், காய்ச்சும்போது இருந்து வாங்குங்கள். தொகுப்பு எண்ணோடு காய்ச்சிய தேதி, காய்ச்சியவர் பெயர் என்று ஒரு நோட்டு வையுங்கள். லாபம் வரத் தொடங்கியதும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்து அறிக்கை வாங்கிவிட்டால், "சீனி கலந்ததா தம்பி?" என்ற கேள்விக்கு அதையே அனுப்பலாம்.

பருவக் கணக்கும் உண்டு. பதநீர் மும்முரமாக இறங்கும் சித்திரை, வைகாசியில் விலை தாழும். மழை தொடங்கினால் ஏறும். மலிவாக இருக்கும்போதே நூறு கிலோ வாங்கி வைக்கத் தோன்றும். முதல் ஆண்டில் வேண்டாம். அடுத்த இரண்டு மாதம் நிச்சயம் விற்கும் என்று நோட்டு சொல்லும் அளவை மட்டும் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் உங்களிடம் உலர்ந்த அறையும் விற்பனைக் கணக்கும் இருக்கும், அப்போது தைரியமாக வாங்கலாம்.

படமும் வீடியோவும்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. தமிழ் யூடியூபில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அதுதான். ஒரு தாத்தா, அவருடைய பேரப்பிள்ளைகள், வயல்வெளி, பெரிய பாத்திரம். வேறு மாதிரி நடிக்காமல், அவர்கள் வாழும் இடத்தையே காட்டினார்கள். நமக்கு ஒரு கோடிப் பேர் தேவையில்லை. மாதம் இருநூறு பேர் திரும்ப வாங்கினால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வேலை நடக்கும்போது அப்படியே காட்டுவது.

விடிலியில் காட்ட எவ்வளவு இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய கலயம், விடியலில் இறங்கும் பதநீர், பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்குக் கொட்டையைப் போட்டு அடக்குவது, பாகு கெட்டியாகும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்ப்பது, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவது. காலை வெளிச்சத்தில், போனை அசைக்காமல், ஒவ்வொன்றையும் பதினைந்து வினாடி எடுங்கள். பாட்டுப் போடாமல் அங்கே வரும் சத்தத்தையே விடுங்கள். உங்கள் பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள். காய்ச்சுகிறவரின் முகத்தைக் காட்டும் முன் அவரிடம் கேளுங்கள், அவருக்குப் பிடிக்காவிட்டால் கைகளை மட்டும் காட்டுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்பது போன்ற எதையும் சொல்லவே கூடாது. சட்டப்படி தவறு, நம்பிச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்தும்கூட. கருப்பட்டியும் இனிப்புதான்.

கேஷ் ஆன் டெலிவரி, பெரிய தளங்கள்

முதல் ஆண்டு கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போகவும் வரவும் கூலி உங்களுடையது, மழையில் திரும்பி வந்த கருப்பட்டியை மறுபடி விற்கவும் முடியாது. கட்டாயம் கேட்பவரிடம் பார்சல் கூலியை மட்டுமாவது முன்னால் வாங்குங்கள்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் ஏறும் முன் கமிஷன், அனுப்பும் கட்டணம், பணம் கைக்கு வரும் நாள் மூன்றையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்துப் பாருங்கள். நம்மிடம் சுழலும் காசு குறைவு. இரண்டு வாரம் பணம் நின்றாலே விடிலிக்குக் கொடுக்க இருக்காது. அங்கே வாங்குகிறவரின் எண்ணும் நமக்குக் கிடைக்காது. சொந்த வாடிக்கையாளர்கள் ஒரு நூறு பேர் ஆன பிறகு, மீதி இருப்பை விற்க அந்தத் தளங்களைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

கடன்

வாரத் தவணைக் குழுக் கடனை வியாபார முதலாகப் போடாதீர்கள். கருப்பட்டிப் பணம் வாராவாரம் வராது, தவணைக்காரர் வாராவாரம் வருவார். கந்துவட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், மிரட்டினால் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஓராண்டு வங்கி வரவு செலவும் உத்யம் பதிவும் கையில் இருந்தால் வழி வேறு. மத்திய அரசின் முத்ரா சிறுதொழில் கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கேட்கலாம். சிறு உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கான மத்தியத் திட்டத்தில், கடன் வாங்கிச் செய்யும் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் கிடைத்துவந்தது, இன்னும் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் உண்டு. முத்ராவுக்கு நேரே வங்கிக்குப் போங்கள், மற்ற இரண்டுக்கும் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். ஏஜென்ட் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், நேரே போய் மேலாளரைக் கேளுங்கள். அங்கே நம்மை உட்காரச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, விற்பனை நோட்டை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

வயநாட்டில் காப்பித் தோட்டக் கூலியின் மகனாகப் பிறந்து, ஆறாம் வகுப்பில் தோற்று, பிறகு பொறியியல் படித்த பி.சி. முஸ்தஃபா, 2005-இல் பெங்களூருவில் தன் உறவினர்களோடு இட்லி மாவு விற்கத் தொடங்கியபோது இருந்தது ஒரு சின்ன அறையும் மாவு வாங்கிக்கொண்ட இருபது கடைகளும்தான். பெரிய முதலீட்டாளர்கள் வந்தது பல ஆண்டு கழித்து, மாவு தினமும் விற்றுத் தீரும் என்று கணக்கு காட்டிய பிறகுதான். நம் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

வீடும் சம்பளமும்

வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். இது நடக்காமல் எத்தனையோ நல்ல தொழில்கள் நின்றிருக்கின்றன. பெட்டி விற்ற காசு வந்ததும் வீட்டில் மருந்துச் செலவு வரும், மாமா வீட்டுக் காதுகுத்து வரும், அடகு நகைக்கு வட்டி கட்டும் நாள் வரும். இவை எதையும் மறுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அந்த வீட்டிலிருந்து வந்தவள். அதனால் இப்படிச் செய்யுங்கள்: மாதம் பிறந்ததும் உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை, மூவாயிரமாக இருந்தாலும், வியாபாரக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். வீட்டுத் தேவை எல்லாம் அதிலிருந்து. கேட்கிறவர்களிடம் "என் சம்பளம் இவ்வளவு, அதில் இவ்வளவு தருகிறேன்" என்று சொல்ல முடியும். வியாபாரக் கணக்கில் இருப்பது விடிலிக்காரருடைய காசு, கூரியர்காரருடைய காசு என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு நாள் உட்கார்ந்து நோட்டைக் காட்டி விளக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும், கூலிக்கணக்கு பார்த்தே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

பெட்டிகள் கூடிவிட்டால் முதலில் ஆள் வைக்க வேண்டியது பொட்டலம் கட்டுவதற்கு. பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவாக இருப்பார். அவருக்குப் பெட்டிக் கணக்கில் கூலி பேசாதீர்கள், அவசரத்தில் வில்லை உடையும். நாள் கூலி பேசுங்கள், நூறு நாள் வேலைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக. அந்தக் கூலிக்கான பணம் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வியாபாரக் கணக்கில் சேர்ந்த பிறகு அவரைக் கூப்பிடுங்கள். அவர் வரத் தொடங்கிய அன்றிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் காலை நேரத்தை, மூன்று மாதமாக மறுபடி வாங்காத பழைய வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசச் செலவிடுங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் குறையை அதே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த வாரம் விடிலிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.